ஏழு ஒன்றுகள்

அவர் சரக்கு லாரிகளை எடைபோடும் மேடையில் எழுத்தர். ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண் என்று நிரூபிப்பது அவருடைய ஆசை. லாரிகள் வராத நேரங்களில், அதன் வர்க்கமூலமான ஆயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண் ஒவ்வொன்றாலும் அதை ஒரு நோட்டில் கையாலேயே வகுத்து, எட்டு மாதத்தில் முடித்தார். எல்லாவற்றுக்கும் மீதி வந்தது என்றார். மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசினாள்.

ஒருநாள் எடைச்சீட்டுக்குக் காத்திருந்த லாரி ஓட்டுநர் அந்த நோட்டைப் புரட்டினார்.

"அண்ணே, இருநூத்தி முப்பத்தொன்பதுக்கு மட்டும் கணக்கே போடாம மீதி ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்க. போன்ல போட்டுப் பார்த்தேன், மீதியே வரல."

"உன் ஓட்டை போனை வெச்சு என் கணக்கைத் திருத்த வந்துட்டியா? கிளம்பு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஓட்டுநரின் முகம் சுருங்கியது.

எழுத்தருக்கு அந்த மீதியை எழுதிய நாள் நன்றாக நினைவிருந்தது. லாரிகள் அடுத்தடுத்து வந்ததால், எப்படியும் மீதி வரும் என்று உத்தேசமாக எழுதியிருந்தார். ஓட்டுநர் போன அன்று மாலையில் வகுத்துப் பார்த்தார். மீதி வரவில்லை. மனைவியிடம் சொன்னார்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேன், இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?" என்றாள்.

அதைவிட ஓட்டுநரின் முகம்தான் அவரை வாட்டியது. அடுத்த முறை அந்த லாரி வந்ததும் அறையைவிட்டு இறங்கிப் போய், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"தம்பி, நீ சொன்னதுதான் சரி. அந்தக் கணக்கை நான் போடவே இல்ல. தெரிஞ்சேதான் உன்னைத் திட்டினேன்."

"விடுங்கண்ணே," என்றார் ஓட்டுநர். எழுத்தரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.