படலத்தின் மேல் ஒரு பொட்டு

ஆயுத பூஜையன்று எங்கள் பீளமேட்டுக் கல்லூரி ஆய்வகத்தில் தராசு, அடுப்பு, கம்ப்யூட்டர் எதுவும் பொட்டுக்குத் தப்பாது. அது போகட்டும். என் படலத்தை யார் தொடச் சொன்னார்கள்?

கண்ணுக்கே தெரியாத வெள்ளிக் கம்பிகளை ஒரு பிளாஸ்டிக் தாளில் வலைபோலப் பூசியிருந்தேன். தாள் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். வளைத்தாலும் அதன் வழியே மின்சாரம் ஓடி ஒரு குட்டி விளக்கு எரியும். ஆடி மாதத்திலிருந்து தோற்றுத் தோற்று, கடைசியில் கைகூடிய ஒரே படலம் அது.

பூஜை முடிந்து பார்த்தால் அதன் நடுவில் சந்தனமும் குங்குமமும். வைத்தவர் எனக்கு வழிகாட்டியான பேராசிரியர். முதலில் வைத்தது கோணலாகிவிட்டதாம். துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு நேராக வைத்திருக்கிறார். துடைத்ததில் கம்பி வலை அறுந்து, குட்டி விளக்கு எரியவில்லை.

"ஏனுங்க சார், இதத் தொடவேண்டாம்னு சொல்லியிருந்தேனுங்களே."

"சாமி காரியத்துக்குக் கோவிச்சுக்கலாமுங்களா அம்மணி? தோசையாட்டம் இன்னொண்ணு ஊத்திப்போடுங்க" என்று பொரிகடலையை மென்றார்.

சாமி மேல் எனக்கு என்ன கோபம்? எரிச்சலில் பூஜை மேசையைப் பார்த்தேன். அவருடைய புது போனும் அங்கே இருந்தது. அதற்கும் பொட்டு உண்டு. போனைக் குப்புறக் கவிழ்த்து, திரையில் ஒரு துளிகூடப் படாமல், பின்னாலிருந்த உறையின் மேல் பத்திரமாகப் பொட்டு வைத்திருந்தார்.