பின் சீட்டுச் சத்தம்

தொண்டூர் ரோட்டில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். கூழாங்கல்லைத் தகர டப்பாவில் போட்டு ஆட்டிவிட்டு நிறுத்தினது போலக் கடகடவென்று ஒரு சத்தம். ஓரம் கட்டி இறங்கி, நாலு சக்கரத்தையும் காலால் உதைத்துப் பார்த்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தது. மறுபடி ஏறி ஓட்டினால் அடுத்த பள்ளத்தில் மறுபடியும் கடகட.

வேறு யாராவது என்றால் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். நான் அப்படியில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டு, பூட்டினோமா இல்லையா என்று திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். அதோடு, வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியில்தான் என் மகளை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியிருந்தது.

மகளை ஆரணியில் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் புகுந்த வீட்டில் வளைகாப்புப் போட்டு, அன்றைக்கே தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் வழக்கம். பல பேர் கைமாறி வந்த அந்தப் பழைய காரை நான் வாங்கியதே அதற்காகத்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பாதி வாழ்க்கை அடுத்தவர் டிராக்டரை ஓட்டியவன். என் பெண்ணை என் வண்டியில், நானே ஓட்டிக் கூட்டி வர வேண்டும் என்று ஒரு ஆசை. சம்பந்தி வீட்டில் பெரிய கார் நிற்கிறது. நான் கொஞ்சம் தயங்கினால் போதும், அதிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். நல்ல மனுஷர்கள். அதுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

வீட்டுக்கு வந்ததும் வண்டிக்குள் ஆடக்கூடியது என்று தோன்றியதையெல்லாம் வெளியே எடுத்து வைத்தேன். தண்ணி பாட்டில், ஜாக்கி, கதவுப் பையில் கிடந்த பழைய சாவி. கடைசியில் முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் மெதுவாகப் பெயர்த்தேன். என் மனைவி வாசலில் மல்லாட்டையைக் காலால் கிளறி விட்டுக்கொண்டிருந்தாள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். எங்கள் துண்டு நிலத்தில் பிடுங்கி வந்தது, சிமெண்ட் தரையில் காய்ந்துகொண்டிருந்தது.

"சாமி மேலயே சந்தேகமா உனக்கு?" என்றாள்.

"ஸ்க்ரூ எங்கனா லூசா இருக்குதான்னு பாக்கறேன்."

"லூசு வண்டிக்குள்ள இல்ல."

சொல்லிவிட்டுக் குனிந்து ஒரு காயை எடுத்து, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தாள். காய்ந்துவிட்டால் உள்ளே பருப்பு தோட்டை விட்டுக் கழன்று கலகலவென்று ஆடும். அவளுக்குத் திருப்தி இல்லை. இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்று காயைத் திரும்பப் போட்டாள்.

மறுநாள் திண்டிவனம் ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் போனேன். அவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஊரைத் தாண்டிக் கோட்டை வரைக்கும் போய்த் திரும்பினோம். ரோடு வழுவழுவென்று இருந்தது. வண்டி வாயே திறக்கவில்லை.

"இன்னாண்ணே, ஒண்ணும் கேக்கலயே."

"நேத்து கேட்டுதுப்பா. நல்லாவே கேட்டுது."

"என்னப் பாத்து பயந்துக்கிச்சு போல."

பள்ளமான ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். பட்டறையில் வேறு வண்டிகள் காத்திருந்ததால் அவருக்கு நேரமில்லை. என் வண்டியைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து ஆட்டினார். அடியில் ஒரு ரப்பர் புஷ் தேய்ந்திருந்ததைக் காட்டி, அதை மாற்றினார். "இதுக்கு மேல கேட்டா அது உன் காதுல இருக்குதுண்ணே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தொண்டூர் ரோட்டில் திரும்பி முதல் பள்ளம் வருகிற வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கடகட.

அன்றைக்குச் சாயந்திரம் மகள் போன் பண்ணினாள்.

"நைனா, சாப்டியா?"

"ஆச்சும்மா."

"இன்னா, கொரல் ஒரு மாதிரி இருக்குது?"

மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "வண்டியில ஒரு சத்தம். எங்கேர்ந்து வருதுன்னே தெரியல."

"பழைய வண்டின்னா கொஞ்சம் பேசத்தான் செய்யும் நைனா."

"சேத்துப்பட்டு தாண்டி ஆள் இல்லாத எடத்துல நின்னுட்டா இன்னா பண்றது? உன்ன வெச்சிக்கினு?"

அவள் சொன்னாள், "மாமா அவுங்க வண்டியிலயே கொண்டாந்து உடறேன்னாரு. வேணாம், எங்க நைனா வரும்னு சொல்லி வெச்சிருக்கறேன்."

போனை வைத்த பிறகும் அந்த 'வரும்' என் காதிலேயே இருந்தது. ஆனாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. கழன்று ஓடுகிற சக்கரம், புளியமரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்கிற பிள்ளை என்று என்னென்னவோ வந்து போனது. சனிக்கிழமைக்குள் சத்தம் எங்கே என்று தெரியவில்லை என்றால் சம்பந்திக்கு நானே போன் பண்ணிவிடுவது என்று முடிவு செய்தேன். என் ஆசையைவிட அவள் பத்திரம் பெரிது.

சனிக்கிழமை மத்தியானம் மனைவியை வண்டியில் ஏறச் சொன்னேன். முன்னால் வேண்டாம், பின் சீட்டில், மகள் உட்காரப் போகிற இடத்தில். எவ்வளவு தூக்கிப் போடுகிறது என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். முதுகுக்கு ஒரு தலையணையும் கொடுத்தேன்.

"எனக்கா ஒம்போது மாசம்?"

"அப்பிடி நெனச்சிக்கினு உக்காரு."

"உன்னோட பொழச்சதுக்கு இதுவும் ஒண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டு, தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்துகொண்டாள். நான் வாங்கியதிலிருந்து அந்த வண்டியின் பின் சீட்டில் யாருமே உட்கார்ந்ததில்லை. நான் தனியாக ஓட்டுவேன், அவள் வந்தால் முன்னால் உட்காருவாள், மெக்கானிக்கும் முன்னால்தான் இருந்தார்.

பள்ளம் வந்தது. கடகட.

"கேட்டுதா?"

"திருப்பு. இன்னொரு தபா அதே பள்ளத்துல உடு" என்றாள். திருப்பினேன். இரண்டாவது தடவை, சீட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கிற பிளாஸ்டிக் தகட்டில் காதை வைத்துச் சாய்ந்திருந்தாள். அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கு வாசலில் பார்த்த அதே முகம்.

"மூட்ட கட்டிடலாம்" என்றாள். "நல்லா காஞ்சிடுச்சு."

"இன்னாது?"

"மல்லாட்டதான். அன்னிக்கி மழை வருதுன்னு வாரி டிக்கியில கொட்டினியே, மறந்துட்டியா?"

வண்டியை நிறுத்திவிட்டேன். மல்லாட்டையைப் பிடுங்கி வந்து போட்டிருந்த முதல் நாள், மலைக்குப் பின்னாலிருந்து கருப்பாக ஒரு மேகம் எழுந்தது. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தார்ப்பாய் தேடப் பொறுமை இல்லாமல், ஈரமும் மண்ணுமாக இருந்த காயைக் கூடை கூடையாக வாரி வண்டியின் டிக்கியில் கொட்டிக் கதவைச் சாத்தினேன். நாலு தூறல்தான் விழுந்தது. மறுநாள் எல்லாவற்றையும் அள்ளித் திரும்ப வாசலில் போட்டோம். எல்லாவற்றையும் என்றுதான் நினைத்தோம். கொஞ்சம் காய் ஓரத்துச் சந்து வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஈரத்தில் மண்ணோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. பூட்டின வண்டிக்குள் வெயிலில் நன்றாகக் காய்ந்து, மண் உதிர்ந்து, ஒவ்வொன்றாகக் கழன்று ஆட ஆரம்பித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ டிரைவரால் தகட்டை நெம்பினேன். பொலபொலவென்று கொட்டியது. அவள் முந்தானையில் ஏந்திக்கொண்டாள். ஒன்றை உடைத்து வாயில் போட்டு மென்று பார்த்தாள்.

"வாசல்ல காஞ்சத விட இது நல்லா இருக்குது. அடுத்த தபா எல்லாத்தயும் வண்டியிலயே காயப் போட்டுடலாம்."

எனக்குச் சிரிப்பு வர நேரமானது. இது மட்டும்தானா என்று திரும்பவும் போய் அந்தப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினேன். சத்தமே இல்லை. பழகிப்போன காதுக்கு அதுவும் கொஞ்சம் பயமாக இருந்தது. சம்பந்திக்குப் போன் பண்ணினேன்தான், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்பதற்கு.

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையலோடு மகள் பின் சீட்டில் ஏறினாள். பக்கத்தில் அவள் அம்மா. மாப்பிள்ளை கதவைச் சாத்தி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

சேத்துப்பட்டு தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. பின்னாலிருந்து கலகலவென்று சத்தம். என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விட்டது.

"இன்னா சத்தம் அது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மகள் இரண்டு கையையும் தூக்கிக் கண்ணாடிக்கு நேராக ஆட்டிக் காட்டினாள். "நைனா, என் வளையலு. உள்ள இருக்கற ஆளுக்குக் கேக்கணும்னுதான் போட்டிருக்குது. நீ ஏன் பயப்படற?"

வண்டி மறுபடி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் மனைவி மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வறுத்த மல்லாட்டை. எந்த மல்லாட்டை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகள் ஒவ்வொன்றாக உடைத்துத் தின்ன, உடைக்கிற ஒவ்வொரு தடவையும் வளையல் ஆடியது. தூரத்தில் செஞ்சி மலை தெரிய ஆரம்பித்தது.

"தோலயெல்லாம் பைக்குள்ள போடும்மா" என்றேன். "சந்துல எங்கனா போய் உழுந்துடப் போவுது."