கட்டிலில் இருந்து தெரிந்த பீடம்

எழுபதுகளில் கப்பல் வேலையை விட்டு ஜேர்மனியில் இறங்கிய நான், ரைன் ஆற்றோரத்து ஊரொன்றில் முதியோர் விடுதியைக் கூட்டித் துடைக்கும் வேலையில் சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன். ஆட்களோடு பேசக் கூச்சம். துடைப்பத்தோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை பிடித்திருந்தது.

விடுதி இருந்த கட்டடம் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஏழை நோயாளருக்காகக் கட்டிய ஆசுபத்திரி. நீண்ட மண்டபம், இரு பக்கமும் கட்டில்கள், மேலே கவிழ்த்த கப்பலின் வயிறு போல மரக்கூரை. மண்டபத்தின் கிழக்கு முனையில், பூசைப் பீடத்தோடு தேவாலயம். இரண்டுக்கும் நடுவில் சுவர் இல்லை, உயரமான வளைவு மட்டும். அந்த வளைவின் நடுவில் படுக்கை விரிப்புகள் வைக்கும் பெரிய அலுமாரி ஒன்று நின்றது. நடக்கக் கூடியவர்கள் அதைச் சுற்றிப் பூசைக்குப் போவார்கள்.

மேற்குக் கோடியில், வளைவுக்கு நேரே, ஒரு இத்தாலியக் கிழவரின் கட்டில். மேசன் வேலைக்கு வந்தவர், இப்போது எழும்ப முடியாதவர். எங்கள் இருவருக்கும் அரைகுறை ஜேர்மன்தான். என் நினைவில் அது என் ஊர்த் தமிழாகவே நிற்கிறது.

"எங்கட ஊர் ஆசுபத்திரிக் கோயிலும் இப்படித்தான்," என்றார். "அங்க வெள்ளைக் கல், இங்க செங்கல். கணக்கு ஒண்டுதான். அந்தக் காலத்தில மருந்து எங்க இருந்தது? எழும்ப ஏலாதவன் படுத்தபடி பீடத்தைப் பாக்கவேணும் எண்டுதான் நேர் கோட்டில கட்டினவங்கள்."

ஆனால் அலுமாரி மறைத்ததால் அவர் இங்கத்தைய பீடத்தை ஒருமுறையும் கண்டதில்லை. மணிச்சத்தம் மட்டும் கேட்கும். அடுத்த திங்கட்கிழமை எல்லோரையும் புதுக் கட்டடத்துக்கு மாற்றுவதாக இருந்தது. அங்கே தேவாலயம் இல்லை. மிச்சம் இருந்தது ஒரு ஞாயிறு.

"அலுமாரியைத் தள்ளுவியோ?"

"பொறுப்பான சிஸ்ரரைக் கேக்கவேணும். நீங்கள் கேளுங்கோ."

"நான் கேட்டால் கிழவன் புலம்புறான் எண்டுவா. நீ வாய் திறந்தால் அதிர்ச்சியிலயே ஓம் எண்டிடுவா."

அப்படித்தான் நடந்தது. "உனக்குப் பேச்சு வருமோ?" என்று சிஸ்ரர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சரி, தள்ளு. பூசை முடியத் திருப்பி வைச்சிடு," என்றார்.

ஞாயிறு காலை விரிப்புகளை இறக்கிவிட்டு அலுமாரியை ஓரமாகத் தள்ளினேன். மண்டபத்தின் கோடி வரை வெளிச்சம் வந்தது. கிழவர் தலையணையைச் சரிசெய்யச் சொன்னார்.

அது கடைசிப் பூசை. உறவினர்களும் வந்துவிட்டார்கள். உள்ளே இடம் போதாமல் வளைவை அடைத்து நின்றார்கள். கிழவருக்குத் தெரிந்தது கோட்டுகளின் முதுகுதான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரம், குருவானவர் அப்பத்தை உயர்த்தும்போது அடிக்கும் மணி அடித்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் தீபம் காட்டும்போது பின்னால் நிற்பவர் எவராவது சத்தம் போடுவார். யாரும் கோபிப்பதில்லை. நான் அப்படிப் போட்டதே இல்லை.

"மறைக்காதேங்கோ, விலகி நில்லுங்கோ."

என் குரல்தான். தமிழில், கூரை எதிரொலிக்க. எல்லோரும் திரும்பினார்கள். என் கை காட்டிய கட்டிலைக் கண்டார்கள். மெதுவாக இரு பக்கமும் ஒதுங்கினார்கள். தூரத்தில் குருவானவர் இரு கைகளையும் உயர்த்தி நிற்பது தெரிந்தது. கிழவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

பூசை முடிந்ததும் தலை குனிந்தபடி அலுமாரியைத் தள்ளப் புறப்பட்டேன்.

"அதென்ன செபம்?" என்று கிழவர் கேட்டார்.

"செபம் இல்லை. விலகச் சொன்னனான்."

"இந்தக் கோயிலுக்கு ஏத்த செபம்தான்."

சிஸ்ரர் விரிப்புகளைச் சுமந்துகொண்டு எங்களைக் கடந்து போனார். அலுமாரியை நிமிர்ந்து பார்த்தார். திருப்பி வைக்கச் சொல்லவில்லை.