ரங் என்ற ஒரு சொல்

அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில்தான் வருவார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புத் தோல் பை. கிள்ளானில் அரசாங்க நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியிருந்த எங்கள் கம்பத்துக் குடியிருப்புக்கு எந்த ஆபீஸ்காரரும் ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் வாசலில் நின்று அவர் அம்மாவிடம் சொன்னார்: “புதுச் சட்டம் வந்துருச்சு ஆன்டி. இதுல கையெழுத்து போட்டா பந்திங் பக்கம் ஒரு லோட்டு நிலம் கிடைக்கும். போடலைன்னா புல்டோசர் வந்துரும்.”

எந்தச் சட்டம் என்று கேட்டேன். மலாயில் அச்சடித்த ஒரு தாளின் நகலை நீட்டினார். தலைப்பில் ‘ரங் உண்டாங்-உண்டாங்’ என்று இருந்தது. தினமும் நான் தட்டச்சு செய்த சொல். ‘உண்டாங்-உண்டாங்’ என்றால் சட்டம்; முன்னால் ‘ரங்’ வந்தால் அது சட்டமல்ல, மசோதா. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறி, மாமன்னர் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வந்தால்தான் அது ‘ஆக்தா’, அதாவது சட்டம்.

“இது மசோதாதானே அண்ணே? இன்னும் சட்டம் ஆகலையே?”

“பேருதான் வேற தங்கச்சி. எல்லாம் ஒண்ணுதான் லா.”

சிரித்துக்கொண்டே தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக அலமாரியிலிருந்த அரசிதழ்களைப் புரட்டினேன். அப்படியொரு சட்டம் எதிலும் இல்லை.

அடுத்த ஞாயிறு வேறு தாளோடு வந்தார். இந்த முறை ஊராட்சி மன்றத் துணைவிதி. மன்றம் போடும் துணைவிதி அதன் எல்லைக்குள்தான் செல்லும். தாளில் இருந்ததோ வேறொரு ஊர் மன்றத்தின் பெயர்.

“போன வாரம் பார்லிமென்ட்டு, இந்த வாரம் பக்கத்து ஊர் மன்றமா?” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தார். “உங்க மக ரொம்பப் பேசுது அங்கிள். நீங்க சொல்லுங்க.”

அப்பா லோரி டிரைவர், யாருக்கும் பயப்படாதவர். அன்று எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா என்ன சொல்ல வேண்டும் என்று இந்த ஆள் எதிர்பார்க்கிறார்? பின்னாலேயே போனேன்.

“கையெழுத்து போட்டுட்டீங்களா அப்பா?”

“மொத வாரமே, நீ உள்ளே போனதும் போட்டுட்டேன்; எப்ப காலி பண்றோம்னு கேக்கத்தான் மறுபடி வர்றான். கவர்மென்ட்டுன்னான். எல்லாம் மலாய்ல இருந்துச்சு. ஒன்கிட்ட படிச்சுக் காட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து நகலை எடுத்துத் தந்தார். அதில் எந்தச் சட்டத்தின் பெயரும் இல்லை. ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டைக் காலி செய்கிறேன்’ என்ற ஒரே வரி. கீழே அப்பாவின் கையெழுத்து, ஏதோ ஒரு வீடு கட்டும் கம்பெனியின் முகவரி. மசோதாவும் துணைவிதியும் மிரட்டுவதற்கு மட்டும்தான்.

திங்கட்கிழமை என் முதலாளி, ஏமாற்றி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று அந்த முகவரிக்குக் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்ட மற்றவர்களையும் அழைத்துவரச் சொன்னார். வீடு வீடாகப் போனேன். ஐந்து குடும்பங்கள் வந்தன. அடுத்த வீட்டு அக்கா மட்டும் கதவைப் பாதி திறந்தபடி கேட்டார்:

“நீ லாயர் ஆபீஸ்ல வேலை செய்யறே. இதுல ஒனக்கு என்ன கிடைக்குது?”

அவர் கேட்டதில் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது. தாளும் கையுமாக வருபவர்களை நம்பக்கூடாது என்று அந்த வாரம் முழுக்க நான்தானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடிதம் போன பிறகு அந்த ஆள் வரவில்லை. எங்கள் வீடு இன்னும் ஒன்பது வருடம் அதே இடத்தில் நின்றது. அக்கா குடும்பம் அந்த மாதமே சாமான்களை ஏற்றிக்கொண்டு பந்திங் போனது. சொன்ன இடத்தில் செம்பனை மரங்கள்தான் இருந்தனவாம். திரும்பி வந்தபோது அவர்கள் வீட்டை இடித்திருந்தார்கள்; ஒரு பலகைகூட மிச்சமில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்றும் விளங்கவில்லை. கம்பத்தின் முப்பது வீடுகளில், மலாய் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்த வீடுகளுக்கு மட்டுமே அவர் வந்தார். அதை அவருக்குச் சொன்னது எங்களில் யாரோ. பழைய கம்பத்து ஆட்கள் கூடும் கல்யாண வீடுகளில், அது யாராக இருக்கும் என்று பல வருடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறேன்.