மஞ்சள் காளான் முளைக்கும் இடம்

எங்கள் ஊரில் நாற்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு நாளைக்கு நாலு பஸ். சுற்றியிருந்த மலைகளின் ஊசியிலை மரங்களை வண்டு தின்றுவிட்டது. வெட்டி ஏற்றிய பிறகு மலைகள் மொட்டையாகக் கிடக்கின்றன. மேற்குச் சரிவில் மட்டும் ஒரு பீச் மரக்காடு தப்பியிருக்கிறது. ஆடி மழைக்குப் பிறகு அங்கே மஞ்சள் காளான் முளைக்கும்.

எந்த இடத்தில் என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்வதில்லை. காணியை எழுதித் தந்தாலும் தருவார்கள், காளான் இடத்தைக் காட்டமாட்டார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எனக்குக் காட்டினாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிப்பது என் வேலை. அவளுடைய கணவரைக் கடைசிவரை நான்தான் கழுவித் துடைத்தேன்.

"வயலுக்குக் கண் உண்டு, காட்டுக்குக் காது உண்டு. வாயை மூடிக்கொண்டு வா" என்றாள்.

நான் பிறந்த ஊரில் சுவருக்கே காது உண்டு என்றேன். சிரித்தாள்.

அந்த வார ஞாயிறு ஹம் நகரிலிருந்து என் தமிழ்ச் சிநேகிதி வந்தாள். இருபது வருடப் பழக்கம். காளான் பிரட்டலை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "எங்கயக்கா புடுங்கினனீங்கள்?" என்றாள். கூட்டிப்போனேன். என் பிழை அதுதான்.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

"என்னக்கா, என்னைத் தெரியாதே உங்களுக்கு?"

அடுத்த சனி காட்டோரம் ஐந்து கார். பொலித்தீன் பைகள், பாய், சோற்றுப் பார்சல். என்னைக் கண்டதும் ஒரு அண்ணை கையசைத்தார்: "வாங்கோ தங்கச்சி! உங்கட சிநேகிதி குறூப்பில மேப் போட்டவ. நல்ல மனுசி!"

சிநேகிதிக்குப் போன் எடுத்தேன்.

"சொல்லாதையும் எண்டனான் எல்லோ?"

"அது வெள்ளைக்காரருக்கு எண்டெல்லோ நினைச்சன். எங்கட சனத்துக்குமோ? நல்லது கண்டா நாலு பேருக்குச் சொல்லோணும் எண்டு நீங்கள்தானே அக்கா சொல்லுவியள்?"

சொல்லுவேன்தான். என் வாயாலேயே என்னை அடித்தாள். அதைவிட, தான் செய்தது துரோகம் என்றே அவளுக்குப் படவில்லை; அதுதான் எனக்கு நொந்தது.

பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி காட்டுக்கு வந்தாள். பாசி முழுக்கக் கிளறிக் கிடந்தது. சிறு மொட்டுகளைக்கூட விடவில்லை.

"உன் ஆட்களா?"

"ஓம். ஆனால் நான் அழைக்கவில்லை. என் சிநேகிதி..."

"அவளுக்கு யார் காட்டியது?"

நான் குனிந்து, கிளறிய பாசியைக் கையால் அமர்த்தினேன்.

"என் சொந்தத் தங்கைக்கே நான் சொல்லவில்லை" என்றாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போன குரல்.

இந்த வருடமும் மழை பெய்தது. சிநேகிதி கேட்டாள்: "அக்கா, முளைச்சிட்டுதோ?"

"தெரியாது" என்றேன். பொய்யில்லை; அந்தக் காட்டுக்குப் போவதை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி விடியக் கூடையோடு போகும்போது எனக்கு வணக்கம் சொல்கிறாள். எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று நான் பார்ப்பதில்லை.