பதினேழாம் எண்ணில் சித்தப்பா

எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு பழைய சிந்தசைசர், மின்சாரக் கீபோர்டு, இருக்கிறது. அதன் மூலையில் யாரோ ஒருமுறை வைத்த சந்தனப் பொட்டின் கறை இன்னும் போகவில்லை. பதினேழாம் பட்டனை அழுத்தினால் சின்னத் திரையில் ஆங்கில எழுத்தில் சித்தப்பா என்று வரும். பத்து எழுத்துக்கு மேல் ஏற்காத இயந்திரம் அது. நல்லவேளை, அவருக்கு ஒன்பதே போதுமானதாக இருந்தது. போன மாதம் ஒரு கட்டை சத்தம் போடாமல் நின்றுவிட, பழுது பார்ப்பவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். இளைஞர், கைசுத்தமான வேலைக்காரர். உள்ளே இருக்கும் பேட்டரிதான் சேமித்த சத்தங்களை எல்லாம் காப்பாற்றி வைத்திருக்கிறது, அது தன் ஆயுளைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது, மாற்றினால் எல்லாம் அழிந்துவிடும், வேண்டியதை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று விளக்கினார். பிறகு கேட்டார், “ஆன்ட்டி, உள்ள இம்பார்ட்டன்ட்டா ஏதாச்சும் இருக்கா?” அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு மாதம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.

சித்தப்பா என் அப்பாவின் கடைசித் தம்பி. துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை. குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே இரண்டு மாடி மேலே தனியாக இருந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால் வயலின் பெட்டியைக் காட்டி, வீட்டில் ஒருத்தி அழுவது போதாதா என்பார். வயலின் கற்றது எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில், ஒரு வயதான சாமியாரிடம். அந்தச் சாமியாரே அரைகுறையாகக் கற்றவர். அதனால் சித்தப்பாவின் வாசிப்பு கர்நாடகமும் இல்லை, மேற்கத்தியமும் இல்லை. வில்லைக் கம்பியில் வைக்கிற அந்தக் கணத்தில் ‘க்ர்’ என்று ஓர் உரசல் வரும், அதற்குப் பின்னால்தான் ஸ்வரம் வரும். முறையாகக் கற்றவர்கள் அதைப் பிழை என்றார்கள். பூசையில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த எனக்கோ அந்த உரசலைக் கேட்டால்தான் விரல் எழும்பும். நான் தட்டச்சு வேலைக்குப் போக ஆரம்பித்த வருடம், தான் வாசித்துக்கொண்டிருந்த மெல்லிசைக் குழுவுக்கு என்னையும் அவர்தான் அழைத்துப் போனார்.

சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் ஒத்திகை. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் பிடித்து நேராக அங்கே போய்விடுவோம். கீழே மிளகாய் அரைக்கும் நெடி மேலே ஏறி வரும், பாடுகிறவர்கள் நாலு தும்மல் போட்டுவிட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லீடர் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பகலில் வங்கி உத்தியோகம், மற்ற நேரமெல்லாம் குழுவே கதி என்று கிடந்த மனிதர். ஜப்பானிலிருந்து புதிதாக இறங்கியிருந்த சிந்தசைசர். பிரித்து மேசைமேல் வைத்து, எந்த வாத்தியம் வந்தாலும் செய்கிற வழக்கப்படி சந்தனப் பொட்டு வைத்து, சூடம் காட்டினார். சந்தனம் பட்டனுக்குள் வழிந்துவிடுமே என்று எனக்கு அடித்துக்கொண்டது. முதலில் வாசித்துக் காட்டும் வேலை கீபோர்டுக்காரி என்கிற முறையில் எனக்கு வந்தது.

ஒரு பெட்டிக்குள் இத்தனை வாத்தியமா என்று எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அதில் தேடியது தன்னைத்தான். எங்கள் தபலாக்காரரைப் பாய் என்றே கூப்பிடுவோம், அதே சாலையில் சாமான் கடை வைத்திருந்தார். அவர் தபலா இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். முப்பத்திரண்டு சத்தத்தையும் போட்டுப் பார்த்தோம், தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று இருந்ததே தவிர தபலா இல்லை. பாய் மெதுவாக அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் தன் செலவில் தே தாரிக், நுரை பொங்க இழுத்து ஆற்றிய டீ, வரவழைத்தார். புல்லாங்குழல் அண்ணன் குழல் சத்தத்தைப் போட்டு ஒரே கட்டையை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அவர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, “மூச்சு விடவே இல்லயே லா இது,” என்றார். ஏனோ ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியாக வயலின் கூட்டம் ஒலிக்கிற பட்டனை அழுத்தினேன். சித்தப்பா ஸ்பீக்கரில் காது வைத்துக் கேட்டார். “நல்லாருக்கு. இருவது பேரு வாசிக்கிற மாதிரி இருக்கு, ஒருத்தருக்கும் கை வலிக்கல,” என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

அந்த வருடம் தீபாவளிக்கு நகரத்து அரங்கம் ஒன்றில் பெரிய நிகழ்ச்சி. இருந்த மைக்குகள் எட்டு, ஒன்று குறைவு. சிந்தசைசருக்கோ மைக்கே வேண்டாம். வயலினுக்கு வைக்கும் மைக் அடிக்கடி ஊளையிடும் என்பது லீடரின் பழைய குறை. ஒத்திகைக்கு நடுவில், டீ குடிக்கிற நேரத்தில், என் பக்கத்தில் வந்து நின்று கேட்டார். “தங்கச்சி, வயலின் பார்ட் இதுல வாசிக்க முடியுமா?” “முடியும்ணே,” என்றேன். கருவியைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். குழுவில் இருந்த வயலின் ஒன்றே ஒன்று. அது யாருடைய கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? புதுச் சாமானில் என் திறமையைக் காட்டுகிற அவசரத்தில் அந்த வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது, வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்க நான் ஒரு முயற்சியும் செய்யவில்லை.

அடுத்த வாரம் லீடர் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த ஒரு தடவை ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்று நயமாகச் சொன்னார். விஷயம் தெரிந்ததும் குழல் அண்ணன் கோபித்துக்கொண்டு இரண்டு ஞாயிறு வரவில்லை. பாய் எங்கிருந்தாவது ஒன்பதாவது மைக் ஒன்று கடன் வாங்கி வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். சித்தப்பாவோ சனிக்கிழமை மாலை, வயலின் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார். பழகுவதற்காகக் கருவியை நான் வீட்டில் வைத்திருந்தேன்.

“முடியும்னு சொன்னியாமே,” என்றார். நான் தலையைத் தூக்கவில்லை. “அப்ப சரியா செய். நீ வாசிக்கிற வயலின் இப்பதான் பல்லு விளக்கிட்டு வந்த மாதிரி இருக்கு.”

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன. அந்தக் கருவியில் ஒவ்வொரு சத்தமும் ஒரு கட்டு எண்கள். எண்ணை மாற்றினால் சத்தம் மாறும், எந்த எண் என்ன செய்யும் என்பது அதைச் செய்தவருக்கே வெளிச்சம். அவர் ஒரு ஸ்வரத்தை இழுப்பார். நான் அதையே கட்டையில் அமுக்குவேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். நான் ஓர் எண்ணைக் கூட்டுவேன் அல்லது குறைப்பேன். மறுபடி இழுப்பார். “இன்னும் கொஞ்சம் அழுக்கு வேணும்,” என்பதுதான் அவர் அதிகம் சொன்னது. அழுக்கு என்றால் அந்த ‘க்ர்’. தன் வாசிப்பில் எல்லாரும் பிழை என்று சொன்னது எது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அது இல்லாவிட்டால் அது அவர் இல்லை என்பதும் தெரிந்திருந்தது. அம்மா காப்பி வைத்துவிட்டுப் போவார், ஆடை கட்டிக் கிடக்கும். ஐந்தாவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன், நான் அமுக்கியதும் அவர் வில்லை இறக்கி வைத்தார். “போதும், விடு,” என்றார்.

எதற்காக இதெல்லாம் செய்கிறீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். அவர் கம்பிகளைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். “நீ மோசமா வாசிச்சா, அந்தாளு இருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்லிருவாங்க. எனக்கு அது வேணாம்.” மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சத்தத்தைப் பதினேழாம் எண்ணில் சேமிக்கப் போனேன். கருவி பெயர் கேட்டது, சித்தப்பா என்று அடித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் படித்துவிட்டு, முன்னால் மிஸ்டர் போடவில்லையா என்றார். நிச்சயமா என்று கருவி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

நிகழ்ச்சியன்று சித்தப்பா வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வயலின் தனியாக வரும். பதினேழை அழுத்தி வாசித்தேன். முதலில் உரசல், பிறகு ஸ்வரம். பாட்டு முடிவதற்குள்ளேயே கைதட்டல் எழுந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவருடைய இடக்கை முழங்காலின் மேல், அந்த வரிக்கு என்ன விரல் எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்துகொண்டிருந்தது. கைதட்டல் கேட்டதும் விரல்களை நிறுத்திவிட்டு அவரும் கைதட்டினார். அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவர் ஒத்திகை மாடிப்படி ஏறவில்லை. லீடர் இரண்டு முறை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார், இவர் முட்டி வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிறு பூசையில் மட்டும் வாசித்தார், நான் ஆர்கனில் துணைக்கு. எனக்கு மேடைக்கு மேல் மேடை வந்தது. ஹோட்டல் கல்யாண விருந்து ஒன்றில் ஒலியமைப்பாளர், உன் வயலினில் ஏதோ கரகரக்கிறது என்றார். ஓர் எண்ணைக் குறைத்துச் சேமித்தேன். இன்னொரு இடத்தில் பாடகி, அந்தச் சத்தம் தன்னைத் தடுக்கிறது என்றார். இன்னொன்றைக் குறைத்தேன். சமூக மன்றத்துப் பெரிய ஸ்பீக்கருக்காகக் கொஞ்சம், கேசட் பதிவுக்காகக் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் அது நிச்சயமா என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் ஆம் என்று அழுத்தியது என் விரல்தான். பெயரை மட்டும் நான் மாற்றவில்லை.

எண்பதுகள் முடிவதற்குள் சித்தப்பா போய்விட்டார். கிடங்கில் வேலையாக இருக்கும்போதே மாரடைப்பு. அடக்கப் பூசையில், எல்லாரும் நன்மை அப்பம் வாங்கிய பிறகு அவர் எப்போதும் வாசிக்கும் கீதத்தை வாசிக்க முடியுமா என்று பங்குச் சாமியார் கேட்டார். இந்த முறையும் முடியும் என்றுதான் சொன்னேன். கருவியைக் கோவிலுக்குத் தூக்கிப் போய், பீடத்தின் பக்கத்தில் வைத்து, பதினேழை அழுத்தினேன். திரையில் அவர் பெயர் வந்தது. கட்டையில் விரலை வைத்தேன். உரசல் வரும் என்று என் உடம்பு காத்திருந்தது. வரவில்லை. வழுவழுவென்று, எண்ணெய் தடவினாற்போல, ஸ்வரம் மட்டும் வந்தது. நிறுத்த முடியாது, ஊரே உட்கார்ந்திருக்கிறது. கீதம் முழுவதையும் அந்தச் சத்தத்திலேயே வாசித்து முடித்தேன். வந்திருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரே வந்து வாசித்த மாதிரி இருந்தது என்றார்கள். குழல் அண்ணன் மட்டும் எல்லாரும் வெளியே போகும்வரை பின்வரிசையில் நின்று, பிறகு என்னிடம் வந்தார். “அவரு இப்படி வாசிக்க மாட்டாரேம்மா,” என்றார். குற்றம் சாட்டவில்லை, அதிசயப்பட்டார், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குத்தான் நான் அழுதேன். அவருடைய நாற்காலியை ஒரு வார்த்தையில் எடுத்தேன். நான் அழைக்காமலே அவர் வந்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதை, யாரோ முகம் சுளித்தார்கள் என்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துத் தீர்த்திருந்தேன்.

குழுவை விட்டு நான் விலகியபோது லீடர் இந்தக் கருவியை எனக்கே கொடுத்துவிட்டார். அதற்குள் இதைவிடப் புதியது வந்திருந்தது. சித்தப்பாவின் வயலினைக் கோவில் பாடகர் குழுவுக்குக் கொடுத்தோம், இப்போது வாசிக்கிற பெண் சுத்தமாக, அழகாக வாசிக்கிறாள். அந்தத் தீபாவளி நிகழ்ச்சியின் கேசட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் பாடகரும் கைதட்டலும்தான் கேட்கும்.

பழுது பார்ப்பவர் நேற்று மறுபடி போன் செய்தார். முக்கியமானது ஒன்று இருக்கிறது, ஆனால் அது இன்னும் சரியாக வரவில்லை, வந்ததும் கூப்பிடுகிறேன் என்றேன். பேட்டரி அதுவரை தாங்குமா தெரியாது என்றார் அவர். பேட்டரி மட்டுமா, நானும்தான். ஒரு மாதமாகச் சனிக்கிழமை மாலைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து பதினேழை அழுத்துகிறேன். ஓர் எண்ணைக் கூட்டுகிறேன், கட்டையை அமுக்குகிறேன், காது கொடுத்துக் கேட்கிறேன். இன்னும் கொஞ்சம் அழுக்கு வேணும் என்று நானே சொல்லிக்கொண்டு இன்னொன்றைக் கூட்டுகிறேன். சில நாள் அந்த ‘க்ர்’ வந்துவிட்டது போலத்தான் இருக்கிறது. சேமிக்கப் போனால் நிச்சயமா என்று கேட்கிறது. என் விரல் அப்படியே நின்றுவிடுகிறது. போதும், விடு என்று சொல்ல வேண்டியவர் இரண்டு மாடி மேலே இல்லை.