அப்பா போகாத ஊர்

மொதல்லயே சொல்லிடறேன், பேய், ஆவி, சகுனம் இதுல எதுலயும் எனக்கு நம்பிக்கை கெடையாது. லிவர்மோர்ல கோவிலுக்குப் பக்கத்துலயே பதினோரு வருஷமா குடியிருக்கேன், அங்க நான் போறது பெரும்பாலும் புளியோதரைக்குத்தான். வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங், எதையும் ரெண்டு தடவ செக் பண்ணாம ஒத்துக்கவே மாட்டேன். இந்தக் கதைய நான் ஆரம்பிச்சாலே என் பொண்டாட்டி வித்யா எழுந்து கிச்சனுக்குப் போயிடுவா. நீங்களும் சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கோங்க, யார்கூடவும் வாதம் பண்ற தெம்பு எனக்கு இப்ப இல்ல.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்கப்பா இங்க வந்தார். தனியாத்தான் வந்தார், தங்கச்சிக்குத் திருச்சியில பிரசவம், அம்மா கூட இருக்கணும்னு அங்கயே நின்னுட்டாங்க. ரெண்டரை மாசம் இருந்தார். அந்த ரெண்டரை மாசமும் என் ஆபீஸ்ல லே-ஆஃப் பேச்சு, கிரீன் கார்டு வேற வரல, வேலை போச்சுன்னா மூட்டையக் கட்டிட்டுக் கெளம்ப வேண்டியதுதான். சனி, ஞாயிறுன்னு கூட இல்லாம லேப்டாப்பக் கட்டிட்டு அழுதுட்டு இருந்தேன். "அடுத்த சனிக்கிழமை கடலுக்குப் போலாம்பா"ன்னு ஒவ்வொரு வாரமும் சொல்லுவேன். அவரும் "நீ உன் வேலையப் பாருடா"ன்னுவார். மலையத் தாண்டி ஒன்றரை மணி நேரம் ஓட்டினா கடல். ஒரு தடவகூட நான் கூட்டிட்டுப் போகல. ஒரு தடவகூட. அவர் சோஃபாவுல உக்காந்து ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு கராஜையே பாத்துட்டு ஊருக்குத் திரும்பிப் போயிட்டார்.

ஒன்றரை வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு.

இந்த வருஷம் அம்மாவ ஆறு மாசத்துக்கு வரவழைச்சேன். வந்த மொத வாரம், பீன்ஸ் நறுக்கிட்டே சாதாரணமா கேட்டாங்க, "ஏன்டா, அப்பாவ ஒரு ஊருக்கு அடிக்கடி கூட்டிட்டுப் போவியே, கடலோரத்துல, அங்க என்னையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போறியா?"ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அவங்களே சொல்லச் சொல்லத்தான் விளங்குச்சு. அப்பா இங்கேர்ந்து தெனமும் அம்மாவுக்குப் போன் பண்ணி, பையன் இன்னிக்கு என்னக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனான்னு கதை விட்டிருக்கார். சும்மா இல்ல, விலாவாரியா. சின்ன ஊராம், இறக்கத்துல ஒரே தெருவாம், தெரு மொனையில மரத்துல செஞ்ச பெரிய திமிங்கலமாம், பக்கத்துல பச்சைக் கதவு போட்ட கடையாம், அங்க பைன்னு பழம் வெச்சுச் சுட்ட கேக் மாதிரி ஒண்ணு சாப்பிடுவாங்களாம், ஜன்னலோரம் உக்காந்தா ரெண்டு வீட்டுக்கு நடுவுல கடல் ஒரு துண்டு தெரியுமாம். புள்ள கவனிக்கலன்னு அம்மா வருத்தப்படக் கூடாதுன்னு அந்த மனுஷன் உக்காந்த எடத்துலேர்ந்தே ஒரு ஊரக் கட்டி எழுப்பியிருக்கார்.

அந்த நிமிஷமே உண்மையச் சொல்லியிருக்கணும். சொல்லல. அப்பா போனப்புறம் அம்மா சரியா சாப்பிடறதே இல்ல, அரை இட்லி, ஒரு வாய் மோர், அவ்வளவுதான். அந்தத் திமிங்கலத்தப் பத்திச் சொல்றப்ப மட்டும்தான் மொகத்துல கொஞ்சம் களை வருது. அதையும் நான் பொய்னு ஒடச்சுட்டா அவங்களுக்கு மிச்சம் என்ன இருக்கு? அதோட, நான் எப்பேர்ப்பட்ட புள்ளைங்கறதும் தெரிஞ்சுபோயிடும். மறைக்கறதுக்கு என்ன இருக்கு, அந்தப் பயமும்தான்.

"பேரு மறந்துபோச்சும்மா, ஆறு வருஷம் ஆச்சே, தேடிப் பாக்கலாம்"னு சொல்லிட்டேன். செத்தேன் போங்க அதுலேர்ந்து. ஒவ்வொரு சனிக்கிழமையும் எலுமிச்சை சாதம், தயிர்சாதம், கூலர் பெட்டியில மோர், எடு காரை. பசிஃபிகா, ஹாஃப் மூன் பே, பெஸ்கடேரோ, வடக்கால பொடேகா பே, தெற்கால கேப்பிடோலா. கொஞ்சம் ஏமாத்தற மாதிரி ஒரு ஊர் கெடைச்சா இதுதான்மான்னு சொல்லிடலாம்னு நெனப்பு. எங்க நடக்குது? அம்மா எறங்கி, ஷால இழுத்துப் போத்திக்கிட்டு, தெருவ ஒரு தடவ மேலயும் கீழயும் பாப்பாங்க. "இது இல்லடா." திரும்பக் கார்ல ஏறி உக்காந்துடுவாங்க. ஏழு சனிக்கிழமை. வாரம் பூரா டிராஃபிக்ல மலையேறி எறங்கறவனுக்கு வீக்எண்டும் அதே ஸ்டியரிங். முதுகு விட்டுப்போச்சு. வித்யா மொத ரெண்டு வாரம் வந்தா, அப்புறம் நீங்களே போங்கன்னுட்டா. என் பொண்ணு ஒரு நாள் கராஜ்ல வெச்சு, "ஜஸ்ட் டெல் ஹர், அப்பா"ன்னா. பதினாலு வயசு, அவளுக்கு எல்லாமே ஜஸ்ட்தான்.

எட்டாவது சனிக்கிழமை. நல்லா கேட்டுக்கோங்க, ராத்திரி இல்ல, காலையில பதினோரு மணி. கடலோர ரோட்டுல பனி எறங்கி வெள்ளையா நிக்குது, கோடையில அங்க எப்பவுமே அப்படித்தான், அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல. அம்மாவுக்கு சுகர், திடீர்னு "டேய், பாத்ரூம் போகணும்டா, அவசரம்"ன்னாங்க. மொதல்ல வந்த திருப்பத்துல திருப்பினேன். இறக்கம். ஒரே தெரு. கேஸ் ஸ்டேஷன் இருக்கான்னு நான் எட்டிப் பாத்துட்டே ஓட்டறேன், அம்மா என் கையப் புடிச்சு, "நிறுத்து"ன்னாங்க.

தெரு மொனையில மரத்துல செஞ்ச திமிங்கலம் நிக்குது.

நம்புனா நம்புங்க, எனக்கு அப்ப பயமே வரல. அப்பாடா தப்பிச்சோம்னுதான் இருந்துச்சு. எங்கயோ டிவியில இந்த ஊரக் காட்டியிருப்பான், அப்பா பாத்துட்டு அடிச்சு விட்டிருக்கார், அவ்வளவுதான், இனிமே சனிக்கிழமை தூங்கலாம்னு நெனச்சேன். திமிங்கலத்துக்குப் பக்கத்துலயே பச்சைக் கதவு. அம்மா பாத்ரூம் அவசரத்துல எனக்கு முன்னாடி விறுவிறுன்னு உள்ள போயிட்டாங்க.

கவுன்ட்டர்ல ஒரு வெள்ளக்கார அம்மா, அறுபது வயசுக்கு மேல இருக்கும், கண்ணாடிய செயின்ல கழுத்துல மாட்டிட்டு இருந்தாங்க. அம்மாவுக்கு பாத்ரூமக் காட்டிட்டு என்னப் பாத்தாங்க பாருங்க, மொகம் பூரா சிரிப்பு. "அட, வாங்க! என்ன, சனிக்கிழமை வந்திருக்கீங்க? அப்பா எங்க?" அவங்க கேட்டது இங்கிலீஷ்ல, நான் தமிழ்ல சொல்றேன்.

நம்ம ஆளுங்க எல்லாரும் இவங்களுக்கு ஒரே மாதிரி, வேற யாரையோ நெனச்சுட்டுப் பேசறாங்கன்னு வழக்கம்போல சிரிச்சு வெச்சேன். அம்மா வந்ததும் அவங்களே எங்கள ஜன்னலோரம் கூட்டிட்டுப் போய், "உங்க எடம்"னு உக்கார வெச்சாங்க. ரெண்டு வீட்டுக்கு நடுவுல கடல் தெரிஞ்சுது. ஒரு துண்டு. அம்மா அதையே பாத்துட்டு இருந்தாங்க.

பைய வெட்டி எடுத்துட்டு வந்த அந்தம்மா நிக்காமப் பேசிட்டே இருக்காங்க. "உங்க வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும், இதுல முட்டை இருக்கான்னு கேப்பாரு. இருக்குன்னு சொல்வேன். சரி, வீட்டுல சொல்லிடாதீங்கன்னுட்டு ரெண்டு துண்டு சாப்பிடுவாரு." அம்மா வாய்விட்டுச் சிரிச்சாங்க. ஒன்றரை வருஷத்துல நான் கேக்காத சிரிப்பு. "அவரேதான்டா! தெப்பக்குளத்து பேக்கரியிலயும் இதே கூத்துதான்"னாங்க. என் சிரிப்பு அங்க நின்னுபோச்சு.

அந்தம்மா விடல. "பையன் பேசவே மாட்டாரு, ஆனா என்ன பொறுமை!"ன்னு என்னக் காட்டிச் சொல்லிட்டு, ஒரு கைய மேல தூக்கி, ஒரு கையக் கீழ எறக்கி, காபி ஆத்தற மாதிரி செஞ்சு காட்டினாங்க. "இன்னொரு கப் கேட்டு வாங்கி, இப்படி மாத்தி மாத்தி ஊத்தி, சூடு பாத்து அப்பா கையில குடுப்பாரு. ஒரு சொட்டு சிந்தாது." நான் என் ஜென்மத்துல யாருக்கும் காபி ஆத்திக் குடுத்ததில்லங்க. எனக்கு ஆத்தவே தெரியாது.

அம்மா போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டர்ல முப்பது வருஷம் இருந்தவங்க, இங்கிலீஷ் நல்லாவே வரும். நிதானமா சொன்னாங்க, "மை ஹஸ்பண்ட் எக்ஸ்பயர்ட்." அந்தம்மா கைய வாயில வெச்சுக்கிட்டாங்க. ஐயோ, எப்பன்னு கேட்டாங்க. ஒன்றரை வருஷம் ஆச்சுன்னாங்க அம்மா. அந்தம்மா என் மொகத்தப் பாக்கறாங்க, அம்மா மொகத்தப் பாக்கறாங்க. "இல்லையே"ன்னாங்க. "ரெண்டு வாரம் முன்னாடி புதன்கிழமை வந்தீங்களே, ரெண்டு பேரும். இதே மேஜைதான்." அப்புறம் அவங்களுக்கே என்னமோ தட்டுப்பட்டிருக்கணும், "மன்னிச்சுக்கோங்க, நான் வேற யாரையோ…"ன்னு இழுத்துட்டே கவுன்ட்டருக்குப் பின்னாடி போயிட்டாங்க. அதுக்கப்புறம் எங்க பக்கம் திரும்பவே இல்ல. அந்தப் புதன்கிழமை நான் எங்க இருந்தேன்னு எனக்கு நல்லாத் தெரியும், ஆபீஸ்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மீட்டிங்.

அம்மா ஒரு துண்டு பைய முழுசா சாப்பிட்டாங்க. முட்டை போட்டது.

கார்ல ஏறினதும் எனக்கு அடக்க முடியல. சாவியப் போடாம ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். "அம்மா, நான் அப்பாவ எங்கயும் கூட்டிட்டுப் போகல. இந்த ஊருக்கு இல்ல, எந்த ஊருக்குமே இல்ல. அவர் உங்ககிட்ட சொன்னதெல்லாம் பொய். நானும் ரெண்டு மாசமா பொய்தான் சொல்லிட்டு இருக்கேன்"னு அழுதுட்டேன். நாப்பத்தாறு வயசுல அம்மா முன்னாடி அப்படி அழுதது எனக்கே கூச்சமா இருந்துச்சு.

அம்மா முந்தானையால என் மொகத்தத் தொடச்சுவிட்டாங்க. "எனக்குத் தெரியும்டா"ன்னாங்க. "கடலோரத்துல காத்து வாங்கிட்டு உக்காந்திருக்கேன்னு அவர் சொல்லுவாரு, பின்னாடி உங்க வீட்டுல துணி காய வைக்கற டிரையர் கடகடன்னு ஓடற சத்தம் கேக்கும். நாப்பத்தேழு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு இதுகூடவா தெரியாது?"

"அப்புறம் ஏம்மா என்ன இப்படி ஊர் ஊரா அலைய விட்டீங்க?"

"மொத வாரம் நீயே சொல்லிடுவேன்னு பாத்தேன். நீ சொல்லல, காரை எடுத்த. சரி, அவருக்குத்தான் குடுத்து வைக்கல, நானாவது புள்ளகூட நாலு எடம் சுத்திப் பாப்போமேன்னு விட்டுட்டேன்"னாங்க. அந்தத் திமிங்கலத்தத் திரும்பிப் பாத்தாங்க. "ஆனா இது நெசமா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லடா."

அந்த ஊர் பேர மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், நீங்க கெளம்பிப் போய் அந்தப் பாவப்பட்ட அம்மாவக் குடைவீங்க. டெஸ்டிங்காரன் புத்தி, நானும் விதவிதமா யோசிச்சுப் பாத்துட்டேன். வேற ஒரு தமிழ்க் குடும்பம் அங்க பக்கத்துல இருக்கலாம். என் ஜாடையில ஒருத்தன், அப்பா ஜாடையில ஒருத்தர், அப்பாவப் போலவே முட்டையக் கேட்டுட்டு சாப்பிடறவர். இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது? சொல்லிப் பாத்துக்கறேன், மனசு ஏத்துக்க மாட்டேங்குது. ராத்திரியில பயமெல்லாம் ஒண்ணும் இல்லங்க. வெக்கத்த விட்டுச் சொல்றேன், எனக்கு அவன்மேல பொறாமை. யாரா இருந்தாலும், எங்கப்பாவக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனது அவன்தானே.

அம்மா போன மாசம் திருச்சிக்குப் போயிட்டாங்க. இப்ப நல்லா சாப்பிடறாங்கன்னு தங்கச்சி சொல்றா. போன வாரம் போன்ல பேசிட்டு இருக்கறப்ப, எனக்கு ஒரு புதன்கிழமை லீவு வருதும்மா, அந்த ஊருக்குப் போய் அந்தக் கடையில உக்காந்து பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்னு சொன்னேன்.

"போகாதடா"ன்னாங்க.

"ஏம்மா?"

"நீ போய் உக்காந்தா அவன் வரமாட்டான். அவர் தனியா உக்காந்திருப்பாரு."

லீவ கேன்சல் பண்ணிட்டேன்.